ஓட்டைக்கு ஏத்த உடம்பு

கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி, அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். திருச்செந்தூருக்கா? நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போகலாம். நான் மணப்பாடு வரைக்கும் போறேன். இந்தாங்க, வடை எடுத்துக்கிடுங்க. வேண்டாமா? எனக்குப் பசி மட்டும் பொறுக்காது பாத்துக்கிடுங்க. வீட்டுல சமைக்க ஆளில்ல. என் பொஞ்சாதி பிரகாசி ஈஸ்டர் முடிஞ்ச கையோட மணப்பாட்டுக்குப் போனவ, இன்னும் திரும்பல. நான் கிளப்புக்கடைச் சோத்தைத் தின்னு வயித்தைக் கெடுத்துக்கிட்டு அலையுதேன். கட்டினவன் ஒருத்தன் பட்டினி கிடக்கானேன்னு ஒரு பொம்பளைக்கு நெனப்பு வேண்டாமா?

நான் யாருன்னு நீங்க கேக்கலியே. கஸ்பார். தூத்துக்குடிக் கடற்கரையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாவ, ஸ்டெல்லா லாஞ்சு டிரைவர் கஸ்பார்னு. நம்ம ஊருல கப்பல் கரை வரைக்கும் வராதுல்லா, தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். சரக்கைத் தோணியில ஏத்தி, தோணிகளை ஒண்ணு பின்னால ஒண்ணாக் கட்டி லாஞ்சுதான் இழுத்துக்கிட்டுப் போகும். மேல நின்னு சுக்கான் பிடிக்கவனுக்குத்தான் காத்து, வெளிச்சம், பேரு எல்லாம். கீழ பாய்லர் பக்கத்துல வேர்வையில நிக்கது நானு. ஆனா லாஞ்சுன்னா பாய்லர்தான் அண்ணாச்சி. பாக்கி எல்லாம் வெறும் பலகை.

உங்களுக்கு என்ன தொழில்? மளிகைக் கடையா? சரி. நீங்க கடையைத் தொறந்ததும் யாவாரத்தைப் பாக்கலாம். பாய்லர்கிட்ட அப்படி நடக்காது. ஆறிக் கிடக்குத பாய்லர்ல எடுத்த எடுப்புல கரியைக் கொட்டித் தீ மூட்டினா தகடு ஒரு பக்கம் விரியும், ஒரு பக்கம் விரியாது, தகடுகளைச் சேத்து அடிச்ச ரிவெட்டு ஆணி வரிசை பூரா கசிய ஆரம்பிச்சிரும். பச்சப்புள்ளைக்கு வெந்நி ஊத்துத மாதிரி பதமாச் சூடேத்தணும். அதுக்கும் முன்னால தண்ணிக் கண்ணாடியைப் பாக்கணும். பாத்தா மட்டும் போதாது, குழாயைத் தொறந்து ஊதிவிட்டுப் பாக்கணும். கீழ உப்பு அடச்சிருந்தா உள்ள தண்ணி இல்லாட்டாலும் இருக்குத மாதிரியே காட்டும். அதை நம்பிச் செத்தவன் இருக்கான். பெறவு சேஃப்டி வால்வை ஒரு தூக்கு தூக்கிப் பாக்கணும், ஒட்டிக்கிட்டு நிக்கா, நிக்கலியான்னு. பித்தளைச் சாமானை எல்லாம் நான் என் வேட்டி முனையாலேயே தொடைப்பேன். பிரகாசி சொல்லுவா, ‘என் மொகத்தை ஒரு நாளாவது இப்படி உத்துப் பாத்திருக்கியளா’ன்னு. மொகத்துலயா ஸ்டீம் வருது?

சூடேத்துததை விட ஆத்துததுதான் பெரிய வேலை. தீயை இழுத்துப் போட்டுட்டு, தானா ஆற விடணும். அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணியை ஊத்தினா போச்சு, தகடு சுருங்கி, உள்ள தீப்புகை போற டியூப்பு வாயெல்லாம் ஒழுகும். எந்தக் கொம்பன் வந்து சொன்னாலும் என் பாய்லர் மேல பச்சைத் தண்ணி ஊத்த விட மாட்டேன். அன்னைக்கும் விடல. அதை வரிசையாச் சொல்லுதேன்.

வருசத்துக்கு ஒருக்கா பாய்லர் இன்ஸ்பெக்டர் வருவாவ. சுத்தியலால தட்டிப் பாப்பாவ, விளக்கை விட்டு உள்ள பாப்பாவ, தண்ணியை நெறச்சு அழுத்தம் குடுத்துப் பாப்பாவ. அவுக சரின்னு சொன்னாத்தான் அடுத்த வருசம் லாஞ்சு ஓடும். அதுக்கு முன்னால லாஞ்சைக் கரையில ஏத்தி, பாய்லரைத் தொறந்து, உள்ள படிஞ்சிருக்கிற உப்பைத் தட்டி எடுக்கணும். நம்ம ஊருத் தண்ணிதான் தெரியுமே, சுவத்துக்குச் சுண்ணாம்புக் காறை பூசின மாதிரி தகட்டுல அப்பிக்கிட்டு இருக்கும். கையாலதான் தட்டணும். தட்டணும்னா ஆளு உள்ள போகணும்.

பெரிய கப்பல் பாய்லர்ல ஆளு குனிஞ்சு நடக்கலாம். லாஞ்சு பாய்லர் சின்னது. அது முதுகுல முட்டை மாதிரி ஒரு ஓட்டை இருக்கும், மேன்ஹோலுன்னு பேரு. காலை மொதல்ல விட்டு, ஒரு கையை மேல தூக்கி, மூச்சை வெளிய விட்டு நெஞ்சைச் சுருக்கினாத்தான் தோள் இறங்கும். உள்ள போனா டியூப்பு மேல குப்புறப் படுத்துக்கிட்டுதான் வேலை. நானும் வயசுல இறங்கினவன்தான். கல்யாணத்துக்குப் பெறவு எனக்கு வயிறு வச்சிருச்சு. பிரகாசி கை ருசி அப்படி.

எனக்கு அந்த ஓட்டைக்குன்னே செஞ்ச மாதிரி ஒருத்தன் வாச்சான். இஞ்ஞாசி. பிரகாசிக்குத் தம்பி, எனக்கு மச்சினன். அப்பன் ஆத்தா போன பெறவு அக்கா வீடுன்னு வந்து ஒட்டிக்கிட்டவன். கம்பெனியில நாந்தான் சொல்லி, பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுத பயர்மேனாச் சேத்துவிட்டேன். ஒல்லின்னா ஒல்லி, சட்டையைக் கழட்டினா விலாவை எண்ணலாம். அந்த உடம்பு அப்படியே இருக்கட்டும்னு நான் பாத்துக்கிட்டதுல என்ன தப்பு? அந்த உடம்புதானே அவனுக்குச் சோறு போட்டுது.

மேன்ஹோலு அளவுக்கு ஒரு இரும்புக் கம்பியை வளைச்சு அடுப்படிச் சுவத்துல மாட்டி வச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் இஞ்ஞாசி அந்த வளையத்துக்குள்ள நுழைஞ்சு வரணும். சுளுவா வந்துட்டான்னா அன்னைக்கு மீனும் சோறும். எங்கயாவது இடிச்சுதுன்னா கஞ்சித்தண்ணி. பக்கத்து வீட்டு ஆளுக எல்லாம் சன்னல்ல நின்னு வேடிக்கை பாப்பாவ. நானும் ரெண்டு தமாசு சொல்லுவேன், எல்லாரும் சிரிப்பாவ. அவன் மட்டும் சிரிக்க மாட்டான். தலையைக் குனிஞ்சுக்கிட்டு வளையத்தைத் திரும்பச் சுவத்துல மாட்டிட்டுப் போய் உக்காருவான். ஒருத்தன் வீட்டுல தின்னா மொகத்துல ஒரு நன்றி தெரியணுமா இல்லியா? பிரகாசி சோத்துக்கு அடியில மீனை ஒளிச்சு வச்சுக் குடுப்பா. எனக்குத் தெரியாதுன்னு அவளுக்கு நெனப்பு. நான் தட்டைக் கிளறிப் பாத்துட்டுத்தான் அவன்கிட்ட தள்ளுவேன்.

முந்தின வருசம் ஒரு தடவை உள்ள போனவன் வெளிய வரும்போது தோள் மாட்டிக்கிட்டான். நான் பதறல. காலையில இருந்து ஒண்ணும் குடுக்காம அப்படியே விட்டேன். பொழுது சாயத் தானா வந்துட்டான். இதுக்கு வைத்தியம் இதுதான்னு அப்பமே எனக்குப் பிடிபட்டுப்போச்சு.

இப்படி ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்ததை ஒரு கல்யாணம் வந்து கெடுத்துது அண்ணாச்சி. பிரகாசி ஒத்தக்கால்ல நின்னு தை மாசத்துல தம்பிக்கு முடிச்சு வச்சுட்டா. பொண்ணு மணப்பாடு, சலேத்துன்னு பேரு. எங்க ஆளுகள்ல புது மாப்பிள்ளையை ஒவ்வொரு வீட்டுலயும் கூப்பிட்டு விருந்து வைப்பாவ. தவசு காலம் தொடங்குத வரைக்கும், சாம்பல் புதன் வரைக்கும், தினம் ஒரு வீடு. கோழி என்ன, ஆடு என்ன, சீலா மீன் குழம்பு என்ன. அந்த வளையத்தை எடுத்துக்கிட்டு நேரா மணப்பாட்டுக்கே போனேன். அவன் மாமியார்காரி கையில குடுத்து, ‘உங்க மருமவன் இந்த அளவுக்குள்ள நிக்கணும், ஆமா’ன்னேன். அவ அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ‘இது எதுக்கு, கோழி அடைக்கவா’ன்னு கேக்கா. அந்த வீட்டு லட்சணம் அப்பமே தெரிஞ்சுபோச்சு.

சலேத்து இருக்காளே, பாக்கதுக்குச் சாது. வாயே தொறக்க மாட்டா. ஆனா எந்நேரமும் அடுப்படிதான். புருசன் தட்டு காலியாகக் கூடாது அவளுக்கு. தூத்துக்குடிக்கு வந்து தனிக்குடித்தனம் வச்ச பெறவு என் கையில என்ன இருக்கு? இஞ்ஞாசிக்குக் கன்னத்துல சதை வச்சுது. கரி அள்ளும்போது பாட்டு வேற. சிரிக்கான். இத்தனை வருசம் என் சோத்தைத் தின்னவன் ஒரு நாள் சிரிச்சதில்ல, நேத்து வந்தவ சோத்துக்குச் சிரிக்கான். எனக்குக் கோவம் வந்துது. வரத்தான் செய்யும்.

இன்ஸ்பெக்டர் ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாக்கிழமை வாரதாச் சொல்லிட்டாவ. எங்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்து ஆரம்பம் வரைக்கும் கப்பல் வேலை. லாஞ்சைக் கரையில ஏத்தி, தீயை இழுத்து, தண்ணியை வடிச்சு, மூடியைக் கழட்டும்போது அந்த வாரத்துச் செவ்வாக்கிழமை இருட்டிட்டுது. புதன்கிழமை காலையிலேயே இஞ்ஞாசியை இறங்கச் சொன்னேன். அவன் ஓட்டைக்கு மேல கையை வச்சுப் பாத்துட்டு நிக்கான்.

‘அத்தான், உள்ள அனலா அடிக்கி. ஒரு நாள் ஆறட்டுமே, நாளைக்கு இறங்குதேன்.’

‘நாளைக்குப் பெரிய வியாழன்லே. பெறவு பெரிய வெள்ளி. ஒரு பய வேலைக்கு வர மாட்டான். உன் மாமியா வந்து தட்டுவாளா?’

‘அப்பம் கொஞ்சம் தண்ணியாவது ஊத்தி ஆத்துங்க.’

பயர்மேன் பேசுத பேச்சா இது? பச்சைத் தண்ணி ஊத்தணுமாம். தகட்டுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சே கேக்கான். நான் வெளிப்பக்கம் கையை வச்சுப் பாத்தேன், பொறுக்குத சூடுதான். ‘இறங்குலே’ன்னேன். உடம்பு பூரா தேங்காயெண்ணெய் தடவித்தான் இறக்கினோம். இடுப்பு வரைக்கும் போயிட்டுது. நெஞ்சு நிக்கி. நானும் இன்னொருத்தனுமாத் தோளைப் பிடிச்சு அமுக்கினோம். தோள்ல இருந்து மளுக்குன்னு ஒரு சத்தம் வந்துது, ‘அம்மா’ன்னான், இறங்கிட்டான். இறங்குத வரைக்கும்தான் கஷ்டம், இறங்கியாச்சுன்னா பெறவு வேலைதானே. சாயந்தரம் வரைக்கும் தட்டினான். ஒத்தக் கையாலதான் தட்டுதான்னு சத்தத்துலயே தெரிஞ்சுது. சோம்பேறித்தனம்னு நெனச்சேன்.

சாயந்தரம் வெளிய வரச் சொன்னா, வர மாட்டுக்கான். ஒரு கையை மேல தூக்கணும்லா? தூக்க முடியலங்கான். தோள் வீங்கி, வெக்கையில உடம்பும் ஊதிப் போய், ஓட்டைக்குக் கீழ மொகம் மட்டும் தெரியுது. விருந்துல தின்ன கோழியும் ஆடும் எங்க போகும்? அவனை இழுத்தோம், திருப்பினோம், சோப்பு போட்டோம். கத்துதான். அந்தக் கத்து கேட்டு ஒர்க்‌ஷாப் போர்மேன் வந்துட்டாவ.

போர்மேன் உள்ள குனிஞ்சு பாத்துட்டு என்ன சொன்னாவ தெரியுமா? ‘கஸ்பாரு, மொதல்ல வெளியில தண்ணியை ஊத்தி ஆத்து. மேஸ்திரிக்கு ஆள் அனுப்புதேன், ரிவெட்டை அறுத்து முன்தகட்டைக் கழட்டி ஆளை எடுத்துருவோம்.’ எனக்குத் தலை சுத்திட்டுது அண்ணாச்சி. ரிவெட்டை அறுத்த பாய்லர் பெறவு பாய்லரா? எப்படித்தான் திரும்ப அடிச்சாலும் இன்ஸ்பெக்டர் பழைய அழுத்தத்துக்கு விட மாட்டாவ. ஸ்டெல்லா பெறவு தோணி இழுக்க ஆகாது, குப்பை இழுக்கத்தான் ஆகும். நான் போர்மேன் கையைப் பிடிச்சுக்கிட்டேன். ‘ஐயா, போன வருசமும் இப்படித்தான். வயித்தைக் காயப்போட்டா நாளைக்குத் தானா வந்துருவான். எம் மச்சினன்யா, எனக்கு இல்லாத அக்கறையா’ன்னேன். மேஸ்திரியும் பண்டிகைக்கு ஊருக்குப் போயாச்சு, அவனைத் தேடிக் கூட்டியாரது பெரும்பாடு. போர்மேனும் நாசரேத்துக்கு பஸ் பிடிக்கணும். ‘உன் பொறுப்பு’ன்னுட்டுப் போயிட்டாவ.

உள்ள இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கான். ‘அத்தான், ரிவெட்டை அறுங்க அத்தான்’னு ஒரே பாட்டு. எம் பாய்லரை எங்கிட்டேயே வெட்டச் சொல்லுதான். என் வாயில நல்லா வந்துது, பெரிய வாரமாச்சேன்னு அடக்கிக்கிட்டேன்.

வியாழக்கிழமை பிரகாசி வந்தா. சலேத்தும் வந்தா. லாஞ்சு நிழல்ல உக்காந்துக்கிட்டு ரெண்டும் அழுவுது. நான் பொறுமையாத்தான் எடுத்துச் சொன்னேன். ‘இது ஒருசந்தி காலம். ஊரே பட்டினி கிடக்கு, அவன் கிடந்தா என்ன? நீங்க அழுதா அவனும் ஏங்கி ஏங்கி மூச்சை இழுப்பான், நெஞ்சு விரியும், வெளிய வாரது இன்னும் தள்ளிப்போகும்.’ பிரகாசி என் காலைப் பிடிச்சா. கரையில அத்தனை பேரு பாக்க ஒருத்தி புருசன் காலைப் பிடிக்கலாமா? எனக்கு மானம் போச்சு. வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன்.

தண்ணி குடுத்தேன் அண்ணாச்சி, குடுக்காம இல்ல. டம்ளர்ல குடுப்பேன். இன்னொண்ணு கேப்பான். தண்ணியும் உடம்பை ஊத வைக்கும்லா, அளவாத்தான் குடுக்கணும். வெறுமனே கிடந்தா மனசு கெட்டுப்போகும்னு சுத்தியலையும் உள்ளேயே விட்டு வச்சேன். ‘தட்டுலே, வேர்த்தாத்தான் எளைப்பே’ன்னேன். தட்டினான். நான் சொன்னதைத் தட்ட மாட்டான், அது ஒண்ணு அவன்கிட்ட நல்ல குணம்.

பெரிய வெள்ளி காலையில போய்ப் பாக்கேன், பாய்லர் முதுகுல எறும்பு சாரை சாரையாப் போகுது. எங்க போகுதுன்னு பாத்தா மேன்ஹோலுக்குள்ள. எனக்குப் பொட்டுன்னு பிடிபட்டுட்டுது. விடியக்காலையில அந்தச் சலேத்து காவக்காரனுக்குத் தெரியாம ஏறி, கருப்பட்டிக் கொழுக்கட்டையை உள்ள போட்டுட்டுப் போயிருக்கா. நான் ரெண்டு ராத்திரி ஒரு பகல் பட்டினி போட்டு எளைக்க வச்சதை அவ ரெண்டு கொழுக்கட்டையில கெடுத்துட்டா. கூப்பிட்டுக் கேட்டேன். ‘பசிக்கின்னு சொன்னாவ அண்ணே’ன்னு நிக்கா. பசிக்கத்தானே வச்சிருக்கேன்.

வேற வழியில்லாமத்தான் மூடியைச் சாத்தினேன். போல்ட்டு ஒண்ணும் போடல. நான் என்ன கொலைகாரனா? ஒரு மரக்கட்டையை இடையில வச்சுக் காத்து போக இடம் விட்டுத்தான் சாத்தினேன். எடுக்க முடியாத கனம், அதான் விசயம், சலேத்து கையால அசைக்க முடியாது. பங்குனி வெயில், கரையில நிழல் கிடையாது, இரும்பு கொதிக்கத்தான் செய்யும். அது பகல்லதானே. ராத்திரி ஆறிடும். நான் கோயிலுக்குச் சிலுவைப் பாதைச் செபத்துக்குப் போயிட்டேன்.

சனிக்கிழமை காலையில சுத்தியல் சத்தம் கேட்டுது. நல்லா இல்ல, விட்டு விட்டுத்தான் கேட்டுது. மத்தியானத்துக்கு அதுவும் நின்னுபோச்சு. நான் மூடியைத் தட்டி, ‘ஏலே இஞ்ஞாசி’ன்னேன். பேசல. திரும்பத் தட்டினேன். உள்ள இருந்து மெதுவா ஒரு தட்டு வந்துது. சரி, மொறச்சுக்கிட்டான், நல்லாத்தான் இருக்கான்னு வந்துட்டேன். அவன் சுபாவமே அதுதான். வாயைத் தொறந்து ஒண்ணைச் சொல்ல மாட்டான், உள்ளேயே வச்சுக்கிட்டுக் கிடப்பான்.

ஈஸ்டர் அன்னைக்குப் பூசை முடிஞ்சு, ஆட்டுக்கறிச் சோறு தின்னுட்டு, எனக்கே சந்தோசமா இருந்துது. இன்னைக்கு அவன் வந்துருவான்னு மனசு சொல்லுச்சு. பிரகாசி கேரியர்ல சோறு கட்டிக் குடுத்தா, அவளே கறியை அள்ளி அள்ளி வச்சா, நான் ஒண்ணும் சொல்லல. அவன் வெளிய வந்து என் கண் முன்னால தின்னட்டும்னு எடுத்துக்கிட்டுப் போனேன். மூடியைத் தள்ளிட்டுக் கூப்பிட்டேன். படுத்துக் கிடந்தான். கையை விட்டுத் தோளைத் தொட்டேன். எலும்பு கைக்கு அகப்பட்டுது. எளைச்சுட்டான் அண்ணாச்சி, நான் நெனச்ச மாதிரியே எளைச்சுட்டான். ஓட்டைக்குத் தாராளமா வந்திருக்கலாம். ஆனா செத்துக் கிடந்தான்.

அங்கதான் எனக்கு விளங்காதது. உசுரோட இருக்கவன் கையைத் தூக்குவான், மூச்சை விடுவான், நெஞ்சைச் சுருக்குவான், வெளிய வருவான். செத்தவன் ஒண்ணும் செய்ய மாட்டான். கையைத் தூக்கினா விழுந்துரும், வெறச்ச பெறவு தூக்கவே முடியாது. எவ்வளவு எளைச்சும் அவன் வெளிய வரல்ல. ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? கேரியரைக் கையில வச்சுக்கிட்டு அதை எங்க வைக்கன்னு தெரியாம அந்தக் கரையிலேயே ரொம்ப நேரம் நின்னேன்.

திங்கக்கிழமை மேஸ்திரி வந்து ரிவெட்டை அறுத்தான். மொத ரிவெட்டுத் தலை தெறிச்சு விழுந்துதே, அப்பம் அழுதேன். வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், சின்னப்புள்ள மாதிரி அழுதேன். பக்கத்துல நின்னவன்லாம் என் தோளைத் தட்டி, ‘மச்சினன் மேல இம்புட்டுப் பாசமா’ன்னான். நான் ஒண்ணும் திருத்தல.

போலீஸ் வந்து கேட்டுது. டாக்டர் வெக்கைன்னு சொல்லிட்டாவ. கம்பெனியும் வாயை மூடிக்கிட்டுது. இன்ஸ்பெக்டர் பிந்தி ஒரு நாள் வந்து, கழட்டின தகட்டு வழியா உள்ள பாத்துட்டு, ‘இவ்வளவு சுத்தமாத் தட்டின பாய்லரை நான் பாத்ததில்ல, யாரு தட்டினது’ன்னு கேட்டாவ. ஒரு பொட்டுக் காறை இல்ல அண்ணாச்சி. எனக்குப் பெருமையா இருந்துது. ஆனா என்ன பிரயோசனம்? ரிவெட்டு அறுத்ததைச் சொல்லிப் பாதி அழுத்தந்தான் வைக்கணும்னுட்டாவ. இப்பம் ஸ்டெல்லா கப்பலுக்குக் குடிதண்ணிப் படகு இழுக்குது. பழைய லாஞ்சுக்காரப் பயலுக என்னைப் பாத்தா, ‘என்ன தண்ணிக்காரரே’ங்கான். கெடுத்தது யாரு, பேரு யாருக்கு, பாருங்க.

அதைத்தான் நான் அடக்கத்தன்னைக்கே கல்லறைத் தோட்டத்துல வச்சுச் சொன்னேன். மண்ணைத் தள்ளிட்டு எல்லாரும் நிக்காவ. சலேத்து கண்ணுல தண்ணி கூட இல்லாம மரம் மாதிரி நிக்கா. எனக்குப் பொறுக்கல. ‘நீ போட்டியே ரெண்டு கொழுக்கட்டை, அது மட்டும் இல்லன்னா வெள்ளிக்கிழமையே அவன் வெளிய வந்திருப்பான். உன் கையாலதான் போனான்’னேன். உள்ளதைத்தானே சொன்னேன்? அவ என்னைப் பாத்தா. சண்டைக்கு வருவாளோன்னு நெனச்சேன். வரல்ல. மெதுவாத் தலையை ஆட்டினா. சரின்னு ஒத்துக்கிட்டா அண்ணாச்சி, அத்தனை பேர் முன்னால. பிரகாசிதான் என் சட்டையைப் பிடிச்சுட்டா. அன்னைக்கே அந்தப் புள்ளையைக் கூட்டிக்கிட்டு மணப்பாட்டுக்கு வண்டி ஏறினவதான்.

இப்பம் நேத்து ஆள் மூலமாச் சொல்லி விட்டிருக்கா. சலேத்து சாப்பிடுததே இல்லியாம். ஆத்தாக்காரி ஊட்டினா வாய்க்குள்ளேயே வச்சிருந்து துப்பிடுதாளாம். ‘நான் குடுத்த கொழுக்கட்டைதானே, நான் குடுத்த கொழுக்கட்டைதானே’ன்னு அதையே சொல்லிக்கிட்டுப் பாயில கிடக்காளாம். நான் போய், ‘உன்னால இல்ல’ன்னு ஒரு வார்த்தை அவகிட்ட சொல்லணுமாம். வேற யாரு சொன்னாலும் அவ நம்ப மாட்டுக்காளாம். சொன்னா பிரகாசி என் கூட வீட்டுக்கு வருவாளாம், சொல்லாட்டா என் மொகத்துலயே முழிக்க மாட்டாளாம்.

அதான் வண்டி ஏறிட்டேன். ஆனா யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி, நான் எப்படி அதைச் சொல்ல முடியும்? அவளால இல்லன்னா பெறவு யாரால? அதுக்கு ஒரு பதில் வேணும்லா? போர்மேனைச் சொல்லவா, அவுக ஊருலயே இல்ல. பாய்லரைச் சொல்லவா, வாயில்லாச் சீவன். வேற யாரு இருக்கா அங்க? நீங்களே சொல்லுங்க.

என்ன எந்திரிச்சிட்டியளே? திருச்செந்தூர் இன்னும் வரலியே, இது காயல்பட்டணம்லா. இங்கேயே இறங்குதியளா? பையை மறந்துராதீங்க. என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க, பிரகாசியை எப்படியும் கூட்டிக்கிட்டு வந்துருவேன். எத்தனை நாளைக்குத்தான் அவ கோவமும் நிக்கும்? அந்தப் புள்ளையை நெனச்சும் ஒண்ணும் கலங்காதீங்க. நாலு நாள் திங்காட்டா யாரும் செத்துற மாட்டாவ அண்ணாச்சி. கொஞ்சம் எளைப்பா, அவ்வளவுதான்.